டாஷ்போர்டில் ஒட்டிய வெண்கலப் பிள்ளையார்

கார் வந்த மறுநாளே என் வீட்டுக்காரர் அதில் பிள்ளையாரை ஒட்டிவிட்டார். சின்ன பொம்மை என்றால் நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன்? மதுரையிலிருந்து நாத்தனார் ஜோடியாக அனுப்பிய வெண்கலம். ஒன்று பூஜை அலமாரிக்கு, ஒன்று காருக்கு. தூக்கினால் கை இறங்கும். டிரைவருக்குப் பக்கத்து இருக்கைக்கு நேர் எதிரே, தட்டையான இடமாகப் பார்த்து, 'ஏர்பேக்' என்று பொறித்திருந்த எழுத்தின் மேலேயே உட்கார வைத்து, இரண்டு டியூப் பசையையும் காலி பண்ணியிருந்தார்.

முதல் சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "ஆன்ட்டிஜி, இது கதவு. கதவு மேல சாமியை வச்சிருக்கீங்க" என்று ஹிந்தியில் சொன்னார். கார் பலமாக மோதினால் உள்ளே மடித்து வைத்த பையில் காற்று நிரம்பும். பூரி உப்புகிற வேகமில்லை, கண் இமைப்பதற்குள். பை இந்த மூடியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். மேலே இருப்பது எதுவானாலும் உட்கார்ந்திருப்பவர் மேல் பாயும். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி உட்காரணும், பெல்ட் போடணும். "பெல்ட் போட்டவனுக்குத்தான் அது தலகாணி. போடாதவன் முன்னாடி சரிஞ்சு போய் அதுகிட்டயே அறை வாங்குவான்" என்றார். அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

வீட்டில் வந்து சொன்னால் இவருக்கு ஏறவேயில்லை. மகளுக்கு இது ஏழாம் மாதம். பின்சீட்டில் உட்கார்ந்தால் குமட்டுகிறது என்று முன்னால்தான் உட்காருவாள். மயூர் விஹாரிலிருந்து மோதி பாக் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போய்வர வேண்டும். அவள் வயிற்றுக்கு நேரே அந்த வெண்கலம். நான் கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். பூஜை போட்டு வைத்ததை எடுத்தால் குற்றம் என்றார். அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்றார். மெக்கானிக்குக்கு என்ன தெரியும் என்றார். மகளோ, "அப்பா நஹீ மானேங்கே, கேக்கவே மாட்டார், விடும்மா" என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையார் காப்பாத்துவார்" என்றார் கடைசியில்.

"அவர்கிட்டேருந்து யாரு காப்பாத்துவா?" என்றேன்.

செக்கப் அன்று காலை மகள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் மாடிக்குப் போய், அலமாரியிலிருந்த ஜோடிப் பிள்ளையாரை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன்.

"இதை இங்கே நின்னு அவ வயித்துல வீசுங்க. மெதுவாத்தான்."

கையிலிருந்ததைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மாடியேறி, ஹேர் டிரையரும் நைலான் நூலும் நீட்டு ஒயரும் கொண்டுவந்தார். பசையை இளக்கி, நூலை அடியில் கொடுத்து ரம்பம் மாதிரி இழுத்துப் பிள்ளையாரைப் பெயர்த்தெடுக்க முக்கால் மணி நேரம். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் தப்பியது. அதற்கும் பழி என் மேல்.

போய்க் காத்திருந்தாவது பார்த்துவிடலாம் என்று ஒரு வழியாகக் கிளம்பினோம். மகளின் சீட்டை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளினேன். பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு அடியில் இடுப்போடு இறக்கி, மேல்பட்டையை மார்புக்கு நடுவே விட்டேன். இவருக்கு அதற்கப்புறம் வந்த அக்கறையைப் பார்க்கணுமே. நிஜாமுதீன் பாலம் ஏறுவதற்குள் மூன்று தடவை கேட்டுவிட்டார்.

"பெல்ட் இறங்கியிருக்காம்மா?"

"போதும்ப்பா. இருக்கு."

சிக்னலில் நின்றபோது பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவர் பெல்ட், போலீஸ்காரர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தோளில் கிடந்தது. மாட்ட வேண்டிய இடத்தில், அலாரம் கூவாமல் இருக்க ஒரு பொய்க் கிளிப்பைச் செருகி வைத்திருந்தார்.

"ஏங்க," என்றேன், "பாலம் தாண்டினதும் ஓரமா நிறுத்துங்க."