தங்கேஸ்வரி அக்கா யூரிக்குப் போனது

டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த அபார்ட்மென்ற் தங்கேஸ்வரி அக்காவினதும் அவருடைய கணவர் இராசதுரை அண்ணையினதும் பெயரில் இருந்தது. வாடகை ஒப்பந்தப்படி அவர்கள் இருவர்தான் அங்கே இருக்கலாம். நானும் என் கணவர் சிவபாதமும் அவருடைய இரண்டு தம்பிமாரும் அந்த ஒப்பந்தத்தில் இல்லாதவர்கள். அகதி வழக்கின் முடிவுக்காகக் காத்திருந்த எங்களுக்கு அக்கா ஒரு அறையை விட்டுக்கொடுத்திருந்தார். கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட பேனாட்டுக்கு இது தெரியும். எல்லா வீட்டுக் கதவுகளின் திறப்புகளும் அவரிடம்தான் இருந்தன. தெரிந்தும் கட்டடச் சொந்தக்காரரின் ஒபிசுக்குச் சொல்லாமல் விட்டிருந்தார்.

அக்கா மட்டக்களப்புப் பக்கம். எழுபதுகளின் தொடக்கத்திலேயே கனடாவுக்கு வந்து, திரைச்சீலை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்து, சிட்டிசனும் எடுத்துவிட்டார். அதனால்தான் 1986 இலையுதிர் காலத்தில் அவரை யூரிக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களில் பலர் ஏதேதோ காரணம் சொல்லித் தப்பிக்கொள்ள, வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பேரில் ஒருவராக அக்கா உட்கார்ந்துவிட்டார்.

சாதாரண வழக்கல்ல அது. உணவகம் நடத்திய ஒருவரைச் சுட்டுக் கொன்றதாக ஒரு இளைஞனைப் பிடித்திருந்தார்கள். தொலைக்காட்சியில் ஒவ்வொரு மாலையும் அதுதான் கதை. முதல் நாள் வழக்குக் கேட்டுவிட்டுக் கோட்டால் வந்ததும் அக்கா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, எங்கள் எல்லோரையும் குசினிக்குள் கூப்பிட்டார்.

“வழக்கப் பத்தி நான் ஒருத்தரோடயும் கதைக்கக் கூடா. ஆரும் என்னோட கதைச்சா, எனக்கு ஏதும் தந்தா, அத நீதிபதிக்குச் சொல்லவேணும். மறைச்சா வழக்கே குழம்பிப் போயிரும்” என்றார். தான் யூரியில் இருப்பதும் வெளியே போகக்கூடாது என்றார். எல்லோருக்கும் கேட்கத் தன் பெயரைக் கூப்பிட்டுத்தான் எடுத்தார்களாம். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பிடிபட்டவனுடைய ஆட்கள் யார் யார் என்று தெரியாதாம்.

“இவள வாய மூடச் சொல்லி நானும் இருவது வருசமாக் கேட்டன். அந்த நீதிபதி ஒரு நாளில செய்துபோட்டார்” என்றார் இராசதுரை அண்ணை.

எனக்கு எல்லாவற்றையும் அறிய ஆசை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். கோட்டு என்றால் ஊரில் வெளிக்கேற்றை மட்டும் பார்த்திருக்கிறேன். முன்பின் தெரியாத பன்னிரண்டு பேர் ஒரு அறைக்குள் என்ன செய்வார்கள்? அவனுடைய முகத்தைப் பார்ப்பார்களா, நிலத்தைப் பார்ப்பார்களா? எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று தெரியாமல், அங்கே உட்காரும் கதிரை எப்படி என்று மட்டும் கேட்டேன். அதைச் சொல்லலாமா என்று அக்கா கொஞ்சம் யோசித்தார்.

“சுத்துற கதிரை, புள்ள.”

அவ்வளவுதான் கிடைத்தது.

அந்தக் கட்டடத்தில் ஒரு தமிழ் மனுசி ரகசியமாக வெளியே போய் வருவது எளிதல்ல. லிஃப்றில் ஏறினாலே எங்கே, ஏன், எந்த பஸ் என்று கேட்பார்கள். வேறு இடத்தில் வேலை என்று அக்கா சொல்லிவைத்தார். முன்வீட்டுத் தவமணி அன்ரி அதை நம்பியதோடு நிற்கவில்லை. நல்ல சம்பளத்தில் வேலை எடுத்துக்கொண்டு, மற்றவர்களும் வந்து கேட்டுவிடுவார்கள் என்று இடத்தை ஒளிக்கிறா என்று எல்லோரிடமும் குறைபட்டார். அக்கா அதை மறுக்கவில்லை. அந்தக் கதை தனக்கு நல்லது என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

வழக்குத் தொடங்கி ஒரு கிழமைக்குப் பிறகு பேனாட் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாதக்கணக்காகச் சொல்லியும் பார்க்காத குசினிப் பைப்பைத் திருத்தினார். பிறகு பழைய அடுப்பை எடுத்துவிட்டு வேறொன்று கொண்டுவந்து வைத்தார். குளியலறைக்குப் பெயின்ற் அடித்தார். அக்கா இல்லாத பகல் நேரத்தில்தான் எப்போதும் வருவார். எனக்கு ஆங்கிலம் வராது. அவர் வேலை செய்யும்வரை ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த மனிதருக்கு என்ன நடந்தது என்ற கேள்வி என் மண்டைக்குள் ஓடும்.

இராசதுரை அண்ணைக்கு அந்தக் கேள்வியே இல்லை. ஒருவர் நன்மை செய்தால் சாப்பாடு கொடுக்கவேண்டும். ஒரு தட்டு நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்துக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தார். தட்டுத் திரும்பி வந்தபோது அதில் அப்பிள் இருந்தது. அண்ணை வடை சுட்டு அனுப்பினார். அடுத்த முறை பேனாட் தன் வீட்டுத் தட்டிலேயே ஒரு கேக் கொண்டுவந்தார். தன்னோடு வந்து தங்கியிருக்கும் தங்கச்சி செய்தது என்று அண்ணையிடம் சொன்னாராம்.

அன்று மாலை அக்கா பசியோடு வந்து, குளிருக்குப் போட்ட ஜக்கெற்றைக் கழற்றாமலே ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டார். நல்லாயிருக்கு, எந்தக் கடை என்று கேட்டார். அண்ணை சந்தோசமாகச் சொன்னார். அக்கா வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் நின்றார். பிறகு போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

“இனி அவர்ட்ட இருந்து ஒண்டும் வாங்காதீங்க. இஞ்ச இருந்தும் ஒண்டும் போகக்கூடா.”

ஏன் என்று அண்ணை கேட்டார். கேட்கவேண்டாம் என்று மட்டும் அக்கா சொன்னார். இன்னொரு வீட்டுத் தட்டை ஒன்றும் வைக்காமல் திருப்பிக் கொடுப்பது வெட்கம் என்று அண்ணை கோபப்பட்டார். அதன் பிறகு இரண்டு பேரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அதன் காரணத்தை நான் உடுப்புத் தோய்க்கும் அறையில் கண்டேன். யாரோ விட்டுப்போன பத்திரிகையில் கோட்டு வாசல் படம் ஒன்று இருந்தது. வயதான பெண் ஒருத்தி கையால் முகத்தை மறைத்தபடி படியிறங்குகிறார். அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு வருபவர் பேனாட். கீழே இருந்த ஆங்கில எழுத்துகளில் ‘தாய்’ என்ற ஒரு சொல்லை மட்டும் என்னால் எழுத்துக்கூட்டி வாசிக்க முடிந்தது. அது போதும். பேனாட்டோடு வந்து தங்கியிருந்த தங்கச்சிதான் பிடிபட்டவனின் தாய்; பேனாட் அவனுக்குத் தாய்மாமன். அவர் பின்வரிசையில் இருந்து அக்காவைப் பார்த்திருக்கிறார். அக்காவும் அவரைப் பார்த்திருக்கிறார். வழக்கைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்பதால் அதைக்கூட எங்களுக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

பத்திரிகையை இராசதுரை அண்ணைக்கும் என் கணவருக்கும் காட்டினேன். அண்ணை ரோல்ஸ் பொரித்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர்தான் முதலில் கதைத்தார்.

“அக்கா போய்ச் சொன்னா பொலிஸ் பேனாட்டிட்ட வரும். பேனாட் ஒபிசுக்கு ஒரு சொல்லுச் சொன்னா நாங்கள் நாலுபேரும் றோட்டில. இமிக்கிறேசனுக்கு எந்த அட்றசைக் குடுக்கிறது?”

அவர் பயந்ததில் பிழையில்லை. நானும் பயந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அண்ணை அக்காவிடம், எங்களுக்கு விசயம் தெரியும், ஒரு துண்டு கேக்தானே, தட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டு வழக்கு முடியும்வரை பேசாமல் இருப்போம் என்று கெஞ்சுவதுபோலச் சொன்னார். அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“அந்தப் பொடியன் செய்தானோ இல்லையோ, எனக்கு இன்னும் தெரியா” என்றார். “இல்லை எண்டு நான் சொன்னா, அது மாமன்ட திறப்புக்குப் பயந்தோ, தாய்ட கேக்குக்கோ எண்டு எனக்கே விளங்காமப் போயிரும். ஓம் எண்டு சொன்னாலும், இந்தக் கோவத்திலயா எண்டு தெரியா. இனி என்ட சொல்ல நானே நம்பமாட்டன்.”

பிறகு என் கணவரைப் பார்த்தார்.

“தம்பி, உங்கள நான் றோட்டில விடமாட்டன். ஆனா மறைக்க மட்டும் சொல்லாதீங்க.”



மறுநாள் காலை அக்கா கோட்டுக் காவலரிடம் சொல்ல, நீதிபதி மற்ற யூரர்களை வெளியே இருத்திவிட்டு அவரை மட்டும் கூப்பிட்டாராம். இரண்டு பக்க வழக்கறிஞர்களும் இருந்தார்களாம். பைப், அடுப்பு, ரோல்ஸ், வடை, கேக் என்று எல்லாவற்றையும் அக்கா ஒன்றும் விடாமல் சொன்னாராம். கேக்கில் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று ஒருவர் கேட்டாராம். ஒரு துண்டு, நன்றாக இருந்தது என்று அதையும் சொன்னாராம். நீதிபதி நன்றி சொல்லி அவரை யூரியிலிருந்து விடுவித்தார். மிச்சம் பதினொரு பேரோடு வழக்குத் தொடர்ந்தது.

மத்தியானமே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். கொண்டுபோன சாப்பாட்டைத் திறக்காமல் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்.

பொலிஸ் வந்து பேனாட்டோடு கதைத்துவிட்டுப் போனது. நாங்கள் ஒபிசிலிருந்து ஆள் வரும் என்று ஒவ்வொரு நாளும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் வரவில்லை. பேனாட் லிஃப்றில் எங்களைக் கண்டால் மேலே மாறும் இலக்கங்களையே பார்த்துக்கொண்டு வருவார். அவர் எங்களுக்கு விலை வைத்தாரா, தங்கச்சியின் அழுகையைத் தாங்காமல் ஏதாவது செய்யவேண்டும் என்று பைப்பைத் திருத்தினாரா? எத்தனை முறை யோசித்தும் எனக்கு ஒரு முடிவு வரவில்லை. அந்தப் பயத்தோடு இருக்க முடியாமல் மாத முடிவில் ஆறு பேரும் மோர்னிங்சைட்டில் ஒரு பேஸ்மென்றுக்கு மாறினோம். வீட்டைத் தேடிப் பிடித்தது அக்காதான்.

அங்கே இருந்தபோதுதான் தீர்ப்பு வந்தது. குற்றவாளி என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். இப்போது அக்காவுக்குத் தடை இல்லை. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று இராசதுரை அண்ணை கேட்டார். நானும் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

“எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் அக்கா. “நான் எழும்பி வரேக்க, அவன்ட பக்கத்துச் சாட்சிகள் இன்னும் கதைக்கவே தொடங்கல்ல.”