பாரூக் வந்து நிற்க ஓர் இடம்

ஏரல் பஜாரில் நாங்கள் இரண்டு பேர் வேலை பார்க்கும் ஆன்லைன் சென்டருக்குப் பட்டா, பென்ஷன் என்று எதற்கு வந்தாலும் ஜனங்கள் முதலில் பெருமாள்ராஜ் அண்ணாச்சியைத்தான் தேடுவார்கள். நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு கடைச் சோறுதான். வாயைத் திறந்தால் "ஆதார் கொண்டாந்தியளா?" என்பதைத் தவிர வேறு பேச்சு வராது. எனக்கே சில நாள் எரிச்சலாக இருக்கும்.

மதியம் கூட்டம் ஓய்ந்ததும் அவர் வேறு ஆள். கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்குப் புதுக் களம் கட்டுகிற எடிட்டர் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு சுவர், படி, ஜன்னல் என்று இழுத்து இழுத்து ஒட்டுவார். ஆறு வருஷமாகக் கட்டியது ஏரலைத்தான். பஜார், பஸ் ஸ்டாண்டு, ஆற்றுப் பாலம் எல்லாம் இருக்கும். எங்கள் கடை ஷட்டரின் நசுங்கல்கூட உண்டு.

"இதுல யாரு அண்ணாச்சி வெளாடப் போறா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாரூக் வருவான், முத்துராணி."

உமர் பாரூக் அவருடைய பள்ளிக்கூடச் சேக்காளி. பிரவுசிங் சென்டரில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள். இப்போது பதினைந்து வருஷமாகச் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். அங்கே வெள்ளிக்கிழமை லீவு. "வாரேம்லே" என்று வாராவாரம் சொல்வார். அண்ணாச்சியும் நாலு மணிக்கே ஹெட்போனை மாட்டிக்கொண்டு களத்துக்குள் போய்ப் பாலத்தில் நிற்பார். அப்புறம் போன் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல், இல்லையென்றால் வீட்டுக்கு விருந்தாளி. நான் கவனிக்காத மாதிரி பேப்பரை அடுக்குவேன்.

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை பாரூக் நிஜமாகவே ஆன்லைனில் வந்துவிட்டார். அண்ணாச்சி சந்தோஷத்தில் ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஏலே, அரை மணி நேரந்தான் இருக்கு. உள்ள விட மாட்டேங்குதே. இடமில்லைன்னு வருது."

அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. ஆடுகிறவர்கள் முதலில் வந்து நிற்கும் இடங்களைக் களம் கட்டுகிறவர்தான் குறிக்க வேண்டும். எத்தனை இடமோ அத்தனை பேர்தான் உள்ளே போகலாம். ஆறு வருஷமும் தனியாகவே நடந்து பார்த்த மனுஷன் ஒரே ஒரு இடம்தான் குறித்திருந்தார். அதைத் திருத்தி, களத்தை மறுபடி உருவாக்க ஒரு மணி நேரம் பிடிக்கும்.

"நான் வெளிய வந்திருதேன். நீ போயிப் பாருலே," என்றார்.

பாரூக் ஏரலுக்குள் நடந்தார். "லே, பாலம் அப்படியே இருக்கு! பஜார் அப்படியே இருக்குலே!" அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

"ஒரு ஆளு இல்லையேலே. ஒத்தையில நடக்க என்னமோ மாதிரி இருக்கு. என்னால முடியலப்பா, வெளிய வந்திருதேன்."

"ஆமாலே," என்றார் அண்ணாச்சி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள், தான் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னோர் இடம் குறித்தார். இப்போதும் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பாலத்தில் போய் நிற்கிறார். அதற்குப் பிறகு பாரூக் "வாரேன்" என்றுகூடச் சொல்லவில்லை.