அம்மா சின்னம்மாவான வாரம்

எதையும் ஒரு தரம் சொல்லித் தந்தால் பிடித்துக்கொள்ளும் பிள்ளை என்று எனக்கு நான்கு வயதிலேயே பெயர் வந்துவிட்டது. கப்பல்துறையில் எங்கள் நேசரியில் இருபத்திரண்டு பிள்ளைகள். அதில் பாதிப்பேர் மூக்கைத் துடைக்கவே டீச்சரைத் தேடுகிறவர்கள் என்பதால், அந்தப் பெயரை எடுப்பது பெரிய காரியமும் அல்ல. எடுத்ததால் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

டீச்சர் வாரத்துக்கு ஒரு தலைப்பு வைத்துப் படிப்பிப்பார். மரக்கறி வாரத்தில் வெண்டிக்காயை வெட்டி, சாயத்தில் தோய்த்து, தாள் முழுக்கப் பூப்பூவாகக் குத்தினோம். வாகன வாரத்தில் சீனன்குடா விமானத்தளப் பக்கமிருந்து ஒரு விமானம் கூரைத் தகரம் அதிரத் தாழப் பறந்ததில் எல்லோரும் முற்றத்துக்கு ஓடினோம். டீச்சர் பேசாமல் அதையே பாடமாக்கிவிட்டார். அடுத்த வாரம் 'எனது குடும்பம்'. அதற்கு அப்படி எதுவும் மேலேயிருந்து வந்து உதவவில்லை.

திங்கட்கிழமை ஆளுக்கொரு தாள் தந்து கையை விரித்து வைக்கச் சொன்னார்கள். டீச்சர் விரல்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தார். ஒவ்வொரு விரலும் வீட்டில் ஒருவர். என் கையில் பெருவிரல் அப்பா, அடுத்தது அம்மா, நடுவிரல் அண்ணா, சின்ன விரல் நான். மோதிர விரல் மிஞ்சியதால் அடுத்த ஒழுங்கையில் இருந்த பெரியம்மாவைப் போட்டேன். பெரியப்பாவுக்கு விரல் போதவில்லை. ஐந்து விரலுக்கும் முகம் கீறி, கண் வைத்து, அம்மாவுக்கு மட்டும் பொட்டும் வைத்தேன். டீச்சர் என் நெற்றியில் ஒரு நட்சத்திரம் ஒட்டிவிட்டார்.

நட்சத்திரத்தோடும் தாளோடும் வீட்டுக்குப் போனேன். அம்மா அந்தத் தாளைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குசினிக்குள் கொண்டுபோய் அடுப்பில் வைத்துவிட்டார். நான் நிலத்தில் விழுந்து புரண்டு கத்தியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அம்மா என்னைத் தூக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை.

காரணம் எனக்குப் பல வருஷங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பா சீமெந்து லொறியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் முன்னறைக் கட்டிலில் கிடந்தார். அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் போகக் கூடாது என்று அப்போது ஒரு விதி. அண்ணாவுக்கு ஒன்பது வயது, அவனால் தொந்தரவில்லை. நான்தான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். என்னை இல்லாமல் ஆக்க ஏலாது. இன்னொருவரின் பிள்ளையாக ஆக்கலாம். குடும்ப நிலைமையைப் பார்த்து எழுத வெள்ளிக்கிழமை ஓர் உத்தியோகத்தர் வர இருந்தார். வீட்டுக்கு வருமுன் அவர் நேசரியில் தாய் தகப்பன் பேர் எழுதிய இடாப்பைப் பார்ப்பார், பிள்ளைகளிடம் கதை கொடுப்பார் என்று, அம்மாவை வெளிநாட்டுக்கு அனுப்ப இருந்த ஏஜென்சிக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஊர்ப் பெரியவர்கள் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று அம்மாவுக்கு நம்பிக்கை இருந்தது. பயமெல்லாம் என் வாயைப் பற்றித்தான்.

அம்மா போனார், உயிரோடு திரும்பவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்துவிட்டு ஆளை அழவைக்கிற வித்தை எனக்குப் பிடிக்காது. இரண்டு வருஷம் போன் வந்தது, பிறகு நின்றது. மூன்றாம் வருஷம் ஒரு பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்று சொன்னார்கள், நாங்களும் திறக்கவில்லை.

தாள் எரிந்த அந்தத் திங்கட்கிழமை பின்னேரமே பெரியம்மா வந்தார். என் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கினார்கள். என் பிறப்புப் பத்திரம் பெரியம்மாவின் அலுமாரிக்குப் போனது. என்னைக் கதிரையில் இருத்தி அம்மா முன்னால் குந்திக்கொண்டார். இது ஒரு விளையாட்டு என்றார். வெள்ளிக்கிழமை வரைக்கும் பெரியம்மாதான் அம்மா, அம்மா சின்னம்மா.

"இப்ப சொல்லு பாப்பம், நான் ஆர்?"

"அம்மா."

"இல்லை. நான் உன்ர சின்னம்மா."

மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டேன். அப்பா என்னவாக ஆகிறார் என்று யாரும் சொல்லித்தரவில்லை. முன்னறைக்குப் போய் அவரிடமே கேட்டேன். அவர் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு, "என்னை ஒண்டும் கூப்பிட வேண்டாம்" என்றார். அவருக்கு விளையாடத் தெரியாது என்று நினைத்தேன்.

அன்றைக்குப் பெரியம்மா வீட்டில்தான் படுத்தேன். அந்த வாரம் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் பெரியம்மா. அவருக்குப் பிள்ளை இல்லை. பதினொரு வருஷமாகக் கோயில் குளமெல்லாம் ஏறி இறங்கியும் கிடைக்காத சொல் அவருக்கு ஓசியில் கிடைத்தது. நான் "அம்மா" என்றால் அவர் முகம் மலர்ந்துவிடும், உடனே குற்றம் செய்தவர் போலச் சுற்றுமுற்றும் பார்ப்பார். எனக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, சோற்றைக் குழைத்து உருண்டை உருண்டையாக ஊட்டினார். நல்ல மனுசி. அவரை அதற்காக ஒருநாளும் கோபிக்க எனக்கு முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை களிமண். எல்லோரும் பானை சட்டி செய்தார்கள், நானும் ஏதோ செய்தேன். நேசரி விட்டு வந்ததும் பழைய வீட்டுக்கு ஓடினேன். அம்மா முற்றத்தில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். "அம்மா" என்றேன். திரும்பவில்லை. கிட்டப் போய் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். கை மட்டும் சேலையைக் கசக்கிக்கொண்டே இருந்தது. "சின்னம்மா" என்றேன். உடனே திரும்பி, ஈரக் கையாலேயே என் முகத்தைப் பிடித்துக் கொஞ்சினார். இது நல்ல விளையாட்டு என்று எனக்குப் பட்டது. ஒரு சொல்லைச் சொன்னால் ஆள் கல்லு, மற்றச் சொல்லைச் சொன்னால் கொஞ்சல். அன்று பின்னேரம் முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி அம்மாவைச் சோதித்தேன். ஒரு தரமாவது தவறுவார் என்று பார்த்தேன், அவர் தவறவில்லை.

புதன்கிழமை இலைக்கஞ்சி. நேசரியில் தாய்மார் முறை வைத்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். அந்தப் புதன் அம்மாவின் முறை. தாயாக வரவேண்டிய பெரியம்மாவுக்குக் கையளவு சரிவராது என்பதாலோ, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதாலோ, அம்மாவே வந்திருந்தார். முற்றத்துச் சறுக்கிலிருந்து நான் தலைகுப்புற விழுந்தேன். முழங்கால் கிழிந்து இரத்தம் வழிந்தது. விளையாட்டெல்லாம் மறந்து "அம்மா" என்று கத்தினேன்.

அம்மா அகப்பையோடு குசினி வாசலுக்கு ஓடி வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அகப்பையிலிருந்து பச்சைக் கஞ்சி அவர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் இன்னும் கத்தினேன். அவர் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். டீச்சர்தான் ஓடிவந்து தூக்கி, காயத்தைக் கழுவினார். மற்றத் தாய்மார் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்றைக்குக் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. இருபத்திரண்டு பிள்ளைகளும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தோம். அம்மா கஞ்சி அடிப்பிடித்துவிடும் என்ற பயத்தில்தான் வராமல் நின்றார் என்று நான் முடிவுகட்டினேன். அப்படி நின்றும் அடிப்பிடித்துவிட்டதே என்று அவருக்காகக் கொஞ்சம் கவலைப்படவும் செய்தேன்.

வியாழக்கிழமை, மற்றப் பிள்ளைகள் தங்கள் கைப் படங்களுக்குச் சாயம் தீட்டிக்கொண்டிருந்தபோது, டீச்சர் என்னைத் தன் மேசைக்கு அழைத்துப் புதுத் தாள் ஒன்றை வைத்தார். அவர் எங்கள் ஊர்ப் பெண்தான். அம்மாவோடு பள்ளிக்கூடம் போனவர். முதல்நாள் அம்மா அவரோடு கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் நின்று கனநேரம் கதைத்ததைப் பார்த்திருந்தேன். மறுபடியும் என் கையைச் சுற்றிக் கோடு. பெருவிரல் பெரியப்பா, ஆனால் அதில் அப்பா என்று எழுதினார். அடுத்த விரல் பெரியம்மா, அதில் அம்மா. சின்ன விரல் நான். நடுவில் இரண்டு விரல் சும்மா நின்றன.

"டீச்சர், அப்ப அண்ணா எந்த விரல்?"

"அண்ணாக்கு வேற கை இருக்கு, பிள்ளை."

சும்மா நின்ற விரல்களில் பூ வரையச் சொன்னார். வரைந்தேன். நெற்றியில் இரண்டு நட்சத்திரம் ஒட்டினார். அதுவரை ஒருவருக்கும் இரண்டு கிடைத்ததில்லை. பிறகு இடாப்பை விரித்து, அழிறப்பரால் ஓரிடத்தைத் தேய்தேயென்று தேய்த்தார். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவரும் அவர்தான். அந்த மத்தியானம் அவர் ஒருவரையும் ஏசவில்லை.

வெள்ளிக்கிழமை உத்தியோகத்தர் வந்தார். பெரிய கைப்பையும் குடையுமாக, வெயிலில் வேர்த்துப்போய் வந்த ஒரு மனுசி. அவரைக் கெட்டவராகச் சொல்ல எனக்கு ஒரு சாட்டும் இல்லை. இடாப்பைப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த கைகளைப் பார்த்தார். என் கையைப் பார்த்து, "வடிவான பூ" என்றார். பிறகு, என்னைக் கூட்டிப்போக வந்த பெரியம்மாவிடம் தங்கச்சியின் வீட்டைக் காட்டச் சொன்னார். மூன்று பேருமாக நடந்தோம். வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் அவருக்கு எங்கள் வாழைமரம், கிணறு எல்லாம் காட்டினேன். சின்னம்மா வீட்டு வாழைமரம், சின்னம்மா வீட்டுக் கிணறு என்றே காட்டினேன்.

வீட்டில் அம்மா தேத்தண்ணி கொடுத்தார். அண்ணாவின் பிறப்புப் பத்திரம், அப்பாவின் ஆஸ்பத்திரித் துண்டுகள் எல்லாம் மேசையில் இருந்தன. நான் பெரியம்மாவின் மடியில் ஏறி இருந்துகொண்டேன். உத்தியோகத்தர் கேட்டுக் கேட்டு எழுதினார். ஒரு பிள்ளை மட்டும்தானோ என்று கேட்டார். அம்மா ஓம் என்றார். எழுதி முடித்து, கையெழுத்து வைக்கப் போனவர், பேனையை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளை உங்களை உரிச்சு வச்ச மாதிரியெல்லோ இருக்கிறா."

 பெரியம்மா என்னை மடியோடு இறுக்கிப் பிடித்தார். அம்மா மேசையில் கிடந்த துண்டுகளை மறுபடியும் அடுக்கத் தொடங்கினார். இதற்கு எனக்கு யாரும் பதில் சொல்லித் தந்திருக்கவில்லை. நான் தடுமாறியிருந்தால், ஒரு பார்வை அம்மா பக்கம் ஓடியிருந்தால், அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தால் போதும். அந்தப் பேனை மூடப்பட்டிருக்கும். அந்த விதியைப் போட்டவர்கள் என் வயதுப் பிள்ளைகளை நினைத்துத்தான் போட்டிருப்பார்கள். எனக்கோ நெற்றியில் மூன்றாவது நட்சத்திரம் வேண்டியிருந்தது.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. அம்மாக்குக் கோவம் வரும்" என்றேன். சொல்லிவிட்டுப் பெரியம்மாவின் கன்னத்தைத் தடவி, "கோவிக்காதைங்கோ அம்மா" என்றேன்.

உத்தியோகத்தர் வாய்விட்டுச் சிரித்தார். "கெட்டிக்காரி" என்று சொல்லிக் கையெழுத்தை வைத்தார். எழும்பும்போது என் தலையைத் தடவி, சின்னம்மா வெளிநாடு போகட்டுமோ என்று விளையாட்டாகக் கேட்டார். போகட்டும் என்றேன். கலர்ப் பென்சில் பெட்டி ஒன்று கொண்டுவரச் சொன்னேன்.

பெரியம்மா அவரை றோட்டு வரைக்கும் கூட்டிப் போனார். ஞாயிற்றுக்கிழமை அம்மா பயிற்சிக்கென்று புறப்படுவதாக இருந்தது. எனக்கு அது தெரியாது. நான் மேசைக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் போனேன்.

"இனி அம்மா எண்டு கூப்பிடலாமோ?"

"ஓம் குஞ்சு. கூப்பிடு."

"அம்மா."

அம்மா கீழே குந்திக்கொண்டு என் இரண்டு கையையும் பிடித்தார். "இன்னொருக்கா" என்றார். கூப்பிட்டேன். "இன்னொருக்கா" என்றார். கூப்பிட்டேன். ஐந்தோ ஆறோ தரம் ஆகியிருக்கும். முன்னறைக் கட்டில் கிரீச்சிட்டது. எனக்கு அலுத்துவிட்டது. விளையாட்டு முடிந்து, வென்றும் ஆயிற்று. பிறகு ஏன் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறார் என்று விளங்கவில்லை. வெளியே அண்ணா டயர் உருட்டிக்கொண்டிருந்தான். கையை உருவிக்கொண்டு, "நாளைக்குக் கூப்பிடுறன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

"ஒரேயொருக்கா" என்று பின்னால் கேட்டது. மூன்றே தரத்தில் நான் படித்து முடித்ததை, இவ்வளவு பெரிய மனுசிக்கு எத்தனை தரம்தான் சொல்லிக்கொடுப்பது என்று எனக்குக் கோபம் வந்தது. திரும்பிப் பார்க்காமல் டயருக்குப் பின்னால் ஓடினேன்.