காப்பர் மெரிடியனின் நாலாவது ஆல்பம்

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்த பொன்னுராஜுக்கு ஒரு ரகசியப் பெருமை இருந்தது. காப்பர் மெரிடியன் என்ற அமெரிக்க மெட்டல் குழுவைக் கேட்கிற ஆள் மேற்கே மலையிலிருந்து கிழக்கே சாத்தூர் வரைக்கும் தான் ஒருத்தன்தான் என்று நம்பினார். பட்டாளத்திலிருந்த சிநேகிதன் சமுத்திரம் எண்பத்தொன்பதில் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த கேசட்டில் பிடித்த பித்து. அடுத்த இரண்டு ஆல்பங்களும் அவன் லீவில் வரும்போதுதான் வந்தன. கிதார் இரும்பை அறுக்கும். ஒரே பாட்டுக்குள் தாளம் ஏழாகும், ஒன்பதாகும், நின்று திரும்பும். இங்கிலீஷ் பாதி புரியாது. அதை அவர் குறையாக நினைத்ததேயில்லை.

"என்னய்யா, மில்லு ஓடுற மாதிரில்லா சத்தம் வருது" என்று கடைக்கு வந்தவர்கள் முகம் சுளித்தால் உள்ளுக்குள் குளிர்ந்துபோவார். அவர்களுக்குப் பிடித்துவிட்டால்தான் அவருக்குத் தூக்கம் போயிருக்கும்.

தொண்ணூற்றாறில் ஒரு நூல் மில்லுக்குப் புதிதாக வந்த இன்ஜினீயர் சாரங்கபாணி, எரிந்துபோன மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதிக்காரன், வயதில் சின்னவன். வாசலில் கால் வைத்தவன் அப்படியே நின்றான்.

"அண்ணாச்சி, இது காப்பர் மெரிடியன் இல்லையோ! ரெண்டாவது ஆல்பம்!"

வேறொருவர் என்றால் கட்டிப்பிடித்திருப்பார். பொன்னுராஜுக்கு வீட்டுக்குள் திருடன் புகுந்த மாதிரி இருந்தது.

"நாலாவது வந்துடுத்தே, கேட்டேளா? சிங்கப்பூர்லேந்து மச்சினன் அனுப்பினான். பழசெல்லாம் இதுகிட்ட நிக்காது."

நாலாவது ஒன்று வந்திருப்பதே பொன்னுராஜுக்குத் தெரியாது. "கேட்டாச்சு, கேட்டாச்சு. பழைய வேகம் இல்ல சார்."

"மூணாவது பாட்டுல டிரம்ஸ் மட்டும் தனியா வருமே, அந்த இடம்?"

"ரொம்ப நீளம். பாதியா வெட்டியிருக்கணும்."

சாரங்கபாணி யோசித்தான். "அடடா, தப்பாச் சொல்லிட்டேன். அது அஞ்சாவது பாட்டு. மூணாவதுல டிரம்ஸே கெடையாது, வெறும் பியானோ..." சொல்லிக்கொண்டே வந்தவனுக்குச் சட்டென்று புரிந்தது. பேச்சை மோட்டார் பக்கம் திருப்பிவிட்டான். அவன் சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பொன்னுராஜுக்கு. அந்த மோட்டாரை வேறெதையும் தொடாமல் முடித்துக் கொடுத்தார். வேலை ஆச்சா என்று கேட்டுக்கொண்டு அவன் மறுபடி கடைப்படி ஏறக்கூடாது.

ஆடிப்பூரத் தேருக்கு மனைவி சண்முகத்தாயோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போன இடத்தில் அவனே எதிரில் வந்து வீட்டுக்கு அழைத்தான். தெரிந்தவரைப் பார்க்கணும் என்று பொன்னுராஜ் நழுவிவிட, சண்முகத்தாய் மட்டும் போய்விட்டு வந்தாள். கையில் ஒரு கேசட்.

"அவிய வீட்ல பாடிக்கிட்டிருந்திச்சு. நல்லாருந்திச்சு, வாங்கியாந்தேன்."

"ஏட்டி, நம்ம வீட்ல பாடினா காதைப் பொத்துவ. அவன் வீட்ல பாடினா நல்லாருக்கோ?"

"இதுல பியானோல்லா வருது."

பியானோக்காரன் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஆள் என்று கேசட் அட்டையில் போட்டிருந்தது. முகம் தெரியாத அந்த ஆள் மீதும் பொன்னுராஜுக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பாதி சாத்திவைத்துக்கொண்டு தனியாகக் கேட்டார். மோசமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே கேட்டார். முதல் பாட்டு சவசவ என்று போனதும் நிம்மதி. மூன்றாவதில் பியானோ மட்டும் தயங்கித் தயங்கி வந்தது. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது அடியில் பழைய கிதார் எழுந்தது, அறுக்காமல், மலையில் மேகம் இறங்குகிற மாதிரி. பொன்னுராஜ் கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்தார். நன்றாக இருந்தது. அவர் கேட்டதிலேயே அதுதான் நன்றாக இருந்தது. இதை இத்தனை மாதமாகச் சாரங்கபாணி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான் என்ற நினைப்பும் அதற்குப் பின்னாலேயே வந்தது.

"சுமார்தான் சார்" என்று, கேசட்டை வாங்கிப்போக வந்த சாரங்கபாணியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"மூணாவது?"

"அது... பரவாயில்ல."

அதிலிருந்து மோட்டார் எரியாவிட்டாலும் சாரங்கபாணி வந்து உட்கார ஆரம்பித்தான். அவன் எதைப் புகழ்ந்தாலும் பொன்னுராஜ் மறுத்தார். அவன் வராத வாரம் யாரை மறுப்பது என்று தெரியாமல் கடைக்கு வந்தவர்கள் மேல் எரிந்து விழுந்தார். தொண்ணூற்றெட்டில் அவனுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலானது.

மறுவருஷம் மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடையில் ஐந்தாவது ஆல்பம் பொன்னுராஜ் கண்ணில் பட்டது. ஊருக்கு வந்து கேட்டு முடித்ததும், சண்முகத்தாயையும் இழுத்துக்கொண்டு எஸ்டிடி பூத்துக்கு ஓடி, சாரங்கபாணியின் கோயம்புத்தூர் நம்பருக்குப் போன் போட்டார்.

"சார், அஞ்சாவது வந்துட்டு. கேட்டாச்சா?"

"இல்லையே! இங்க எங்கேயும் கெடைக்கலை. எப்படியிருக்கு அண்ணாச்சி?"

பூத்துக் கண்ணாடியில் தெரிந்த தன் முகம் சிரிப்பதைப் பொன்னுராஜ் பார்த்தார். "அதை வாயால சொல்ல முடியாது சார்."

"ஒரு காப்பி எடுத்து அனுப்புங்கோளேன்!"

"டேப்ரிக்கார்டர் ரிப்பேரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வெளியே வந்ததும் சண்முகத்தாய் மடக்கினாள். "டேப்பு நல்லாத்தான பாடுது? எதுக்குப் பொய் சொல்லுதிய?"

"அனுப்புவோம்ட்டி" என்றார். "ஒரு வாரம் போகட்டும்."