ஜீப் பிரேக்கில் இருபது சொட்டு

1994 ஜூன் 12, ஞாயிறு. பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டில் வழக்கம்போல ஏழு மணிப் பூசை, எட்டரைக்குக் காராபாத் உப்புமா. ஒன்பது மணிக்கு, ஒன்பது வயதான நான், அடுத்த தெருவிலிருந்த மாமா வீட்டுக்குப் போனேன். மாமாவின் ஜீப்புக்கு அன்று கடைசிக் கெடு.

ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப். மேடு, பள்ளம், சேறு எதிலும் போகும். சத்தமில்லாமல் மட்டும் போகாது. பிரேக் பிடித்தால் தெரு நாய்கள் எழுந்து நிற்கும்.

"பட்டாளத்துல கத்திப் பழகின வண்டி. மெதுவா பேச வராது" என்றார் மாமா.

"அப்ப பட்டாளத்துக்கே திருப்பி அனுப்புங்க" என்றார் அத்தை. "சாயங்காலத்துக்குள்ள அடங்கலன்னா ஹெப்பகோடிக்காரர் நாளைக்கு வந்து ஓட்டிட்டுப் போகட்டும். அவர் விலை பேசி ஒரு மாசமாச்சு."

மாமா ஸ்பிரிங் பட்டைகளுக்குக் கிரீஸ் வைத்தார். அத்தையின் தையல் மிஷின் எண்ணெய் டப்பாவை என்னிடம் கொடுத்து, "எங்கெங்க கத்துதோ அங்க ஒரு சொட்டு விடு பாப்பா" என்றார். பின்கதவுக் கீல், சீட்டுக் கம்பி எல்லாம் அடங்கின. பிரேக் மட்டும் பாக்கி. முன்சக்கரங்களையும் டிரம்களையும் கழற்றி, டிரம்மை உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூக்களை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, மாமா சாப்பிடப் போனார்.

அதிகமாகக் கத்துவது அங்கேதான். அதனால் நான்கு ஷூவுக்கும் ஐந்தைந்து சொட்டு விட்டேன். மாமா திரும்பி வருவதற்குள் அவை உறிஞ்சிக்கொண்டன.

நான்கு மணிக்கு அத்தை கேட் அருகே நின்று காதைத் தீட்டிக்கொண்டார். மாமா ஜீப்பைத் தெருவில் திருப்பி, கேட்டுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தார். சத்தமே இல்லை. வண்டியும் நிற்கவில்லை. அத்தை ஒதுங்கிய இடத்தைக் கடந்து போய், கேட் தூணைச் சாய்த்த பிறகு நின்றது.

மாமா ஒரு டிரம்மைக் கழற்றி, ஷூவைத் தடவி, விரலை முகர்ந்தார். என்னைப் பார்த்தார். பிறகு அத்தையிடம் திரும்பி, "சீல் போயி பிரேக் ஆயில் கசிஞ்சிருக்கு. நான்தான் பாக்காம மாட்டிட்டேன்" என்றார்.

அத்தை உள்ளே போய், வண்டியை எடுத்துக்கொள்ள நாளைக்கே வரச்சொல்லி ஹெப்பகோடிக்காரருக்குப் போன் செய்தார்.

அது தையல் மிஷின் எண்ணெய் என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்த மாமாவுக்கு இரண்டு எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று இரக்கமாக இருந்தது. அத்தை முன்னால் திருத்தினால் சங்கடப்படுவார் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, ஹெப்பகோடிக்காரர் வண்டியை எடுக்க வருவதற்குள், மாமா கடை திறக்கும்போதே போய்ப் புது ஷூக்கள் வாங்கிவந்து மாட்டினார். தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தார். ஜீப் சத்தமில்லாமல் நின்றது.