பின்பாதி என் மேசையில் இருக்கிறது

ரஹ்மத் அக்கா போய்விட்டார்.

முந்தாநாள் காலை ஆபீஸ் குரூப்பில் மெசேஜ் வந்தது. நான் அன்னூரில், சித்தி வீட்டு விசேஷத்தில், கையில் காபி டம்ளரோடு நின்றிருந்தேன். இரண்டு பஸ் மாறி உக்கடம் போய்ச் சேர்வதற்குள் மய்யத்தை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள்.

முகத்தைக்கூடப் பார்க்கவில்லை...

என் சினிமா, புத்தகப் பதிவுகளைப் படிக்கிற உங்களுக்கு அக்காவைத் தெரியாது. சிங்காநல்லூரில் நான் வேலை பார்க்கும் மோட்டார் கம்பெனியில் அவர் டிஸ்பாட்ச் செக்ஷன். நான் பில்லிங். பதினோரு வருஷமாக ஒரே பெஞ்சில் மதியச் சாப்பாடு.

போன மாசம் ஒரு படம் பார்த்துவிட்டு அழுது அழுது ஒரு பதிவு போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? "அத்தனை பேருக்குச் சமைக்கிற அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு ஈரத்துணிகூட இல்லை" என்று எழுதியிருந்தேன். அந்த வரியைத்தான் எல்லோரும் எடுத்துப் போட்டுப் பாராட்டினீர்கள்.

அது என் வரி இல்லை. அக்கா சொன்னது.

தியேட்டரை விட்டு வெளியே வந்து நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது சொன்னார். "படம் நல்லாத்தானுங்க இருக்குது கண்ணு. ஆனா அந்த அம்மா கை தொடைக்க ஒரு ஈரத்துணி கூடக் காணமே. எதுலீங்க தொடைச்சா?"

சுட்டுப் போட்டுவிட்டேன். பேர்கூடப் போடவில்லை. அவர் மகள் போனில் காட்டியிருக்கிறாள். அடுத்த நாள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "நம்ம துணி ஊரெல்லாம் காயுதாட்ட இருக்குது" என்று சிரித்தார். அவ்வளவுதான். வேறு யாராவது என்னிடம் இப்படிச் செய்திருந்தால் நான் பஞ்சாயத்தே வைத்திருப்பேன்.

எனக்குக் கோபம் ஜாஸ்தி. அக்காவுக்கு அது தெரியும்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சொன்னால் புத்தகப் பிரியர்கள் அடிக்க வருவீர்கள்... வாருங்கள். குண்டு நாவல் வாங்கினால், அக்கா அதை அட்டைப்பெட்டி அறுக்கும் கட்டரால் முதுகோடு சரிபாதியாக அறுத்துவிடுவார். இரண்டு பாதிக்கும் பார்சல் ஒட்டுகிற பிரவுன் டேப். முன்பாதியை அவர் முடித்து எனக்குத் தருவார், நான் அதைப் படிக்கையில் அவர் பின்பாதியில் இருப்பார். பஸ்ஸில் கை வலிக்காது, இரண்டு பேருக்கும் ஒரே புத்தகம் போதும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாவலில் நான் பாதியில் இருந்தபோது, அக்கா சாப்பாட்டு நேரத்தில் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். கதையில் வருகிற பையன் செத்துப்போவான் என்று எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. கத்திவிட்டேன். இரண்டு நாள் தனியாகப் போய்ச் சாப்பிட்டேன். ஒரு கதைக்காக.

மூன்றாம் நாள் அவரே வந்தார். "இனி உங்களைய உட்டுப்போட்டு முன்னால போகமாட்டனுங்க. நீங்க வந்தப்பறம் ரெண்டு பேரும் சேர்ந்தே போலாம்" என்றார். அன்றிலிருந்து, நான் முன்பாதியை முடிக்கும்வரை அவர் பின்பாதியைத் திறக்கமாட்டார்.

இந்த வருஷம் புத்தகக் கண்காட்சியில் எழுநூறு பக்கத்துக்கு ஒன்று வாங்கினோம். அறுத்தோம். பத்தே நாளில் முன்பாதியை முடித்து என்னிடம் கொடுத்தார். "இது வேற மாதிரி இருக்குதுங்க கண்ணு... சீக்கிரம் வாங்க" என்றார். அவர் எந்தப் புத்தகத்துக்கும் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த வாரமே மூச்சுத் திணறல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார்.

தினமும் போன் பண்ணுவார். எங்கே வந்திருக்கிறேன் என்று கேட்பார். இருநூறு பக்கம் தாண்டிவிட்டேன், இந்த ஞாயிறு முடித்துவிடுவேன் என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் அதையேதான் சொன்னேன்.

நாற்பத்தொன்றில் இருந்தேன்.

சாயங்காலமெல்லாம் போனில் ஒரு சீரிஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு எபிசோட். அதில் கொலை செய்தது யாரென்றுகூட இப்போது ஞாபகம் இல்லை.

எனக்காகக் காத்திருக்காதீர்கள், படித்து முடியுங்கள் அக்கா என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோன்றவே இல்லை. தோன்றாமல் என்ன, தோன்றியது. முடிவு தெரிந்துவிட்டால் அவர் குரலிலேயே காட்டிக்கொடுத்துவிடுவாரே என்று நினைத்துச் சொல்லாமல் இருந்தேன். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முந்தாநாள் வீட்டில் கூட்டம் கொஞ்சம் குறைந்தபிறகு, அக்கா மகள் உள்ளே போய் ஒரு துணிப்பை எடுத்து வந்தாள். உள்ளே பின்பாதி.

"ஆஸ்பத்திரில தலைமாட்டுலயே வெச்சிருந்தாங்கக்கா. கடைசி ரெண்டு நாளு கண்ணு முழிக்கவே முடியல. நான் படிச்சுக் காட்டட்டுமாம்மான்னு கேட்டேன். வேண்டாம், அந்தப் புள்ள இன்னும் வரலைன்னுட்டாங்க."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னாள். நான் அந்த வீட்டு வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது பையைத் திறந்து பார்த்தேன். டேப் ஒட்டிய இடம் விரியவே இல்லை. முதல் பக்கம் டேப்பில் ஒட்டிக்கொண்டேதான் இருந்தது.

நேற்று லீவு போட்டுவிட்டு முன்பாதியை எடுத்தேன். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. அரை நாள் வேலை... அவ்வளவுதான் இருந்தது.

அக்கா சொன்னது சரி. இது வேற மாதிரிதான் இருக்கிறது. ஆற்றங்கரையில் அந்தப் பெண் தங்கச்சிக்குச் சோறு ஊட்டுகிற இடத்தைப் பற்றி இப்போதே யாரிடமாவது பேசவேண்டும் போல் இருக்கிறது. பேச ஆளில்லை.

பின்பாதி மேசையில் இருக்கிறது. நான் திறக்கப்போவதில்லை.

தயவுசெய்து புத்தகத்தின் பெயரை யாரும் கேட்காதீர்கள். உங்களில் யாராவது முடிவைச் சொல்லிவிடுவீர்கள்.

ரஹ்மத் அக்கா... முந்நூற்று ஐம்பத்திரண்டுக்கு வந்துட்டனுங்க.