மைதானத்துக்கு வெளியே நின்ற பஸ்

ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் அவர் டிரைவராகச் சேர்ந்தபோது வயது இருபத்தெட்டு. காலை ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றி வருவது, சாயங்காலம் கொண்டுபோய் விடுவது, அவ்வளவுதான் வேலை. பட்டறைக்கென்று ஒரு கால்பந்து அணி இருந்தது. ஃபிட்டரும் வெல்டரும் வேலை முடிந்து கிரீஸ் கையைக் கழுவிய கையோடு பந்தை உதைக்கப் போவார்கள். பெட்டிகளுக்கு அடித்து மிஞ்சிய பழுப்புப் பெயின்ட்தான் கோல் கம்பத்துக்கு. சட்டையும் அதே பழுப்பு. ‘பட்டறை’ என்று சொன்னால் ஊரில் பாதிப் பேருக்கு வேலை செய்யும் இடம் ஞாபகம் வரும், மீதிப் பேருக்கு அணி.

அவருக்கு முப்பத்தேழு நடக்கும்போது ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலு பேர் சேர்ந்து அந்த அணியைத் தொழில்முறை கிளப்பாக மாற்றினார்கள். பட்டறை நிர்வாகம் தன் பங்குக்கு மைதானத்தைக் கொடுத்தது, பெயரைக் கொடுத்தது, பழைய பஸ் ஒன்றையும் கொடுத்தது. பஸ்ஸோடு டிரைவரும் போனார்.

“உங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலையா?” என்றாள் மனைவி.

“ஸ்டெப்னியைக் கேட்டா குடுப்பாங்க? வண்டியோட வர்றதுதானே.”

அவர் அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட மாட்டார். சாலை வெறிச்சென்று கிடந்தாலும் முள் அறுபதில் போய் நின்றுவிடும். லாரிகளெல்லாம் முந்திக்கொண்டு போகும். ஆட்டக்காரர்கள் பின்னாலிருந்து கத்திப் பார்த்தார்கள், கைதட்டிப் பார்த்தார்கள், கெஞ்சியும் பார்த்தார்கள். கடைசியில் ‘அறுபது அண்ணே’ என்று பேர் வைத்துவிட்டு ஓய்ந்தார்கள். சம்பளச் சீட்டில் இருந்த பேரைக் கிளப்பில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

இரண்டாவது வருஷம் வெளியூரில் ஓர் ஆட்டம். பஸ்ஸை நிறுத்திவிட்டு அவரும் உள்ளே போய்ப் பார்த்தார். திரும்பி வந்தால் ஆறு டயரிலும் காற்று இல்லை. தோற்ற ஊர்க்காரர்கள் யாரோ ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். வெற்றி பெற்ற அணி மூன்று மணி நேரம் நடுரோட்டில் நின்றது. மறுநாள் கிளப் செயலாளர் அவரைக் கூப்பிட்டார்.

“இனிமே நீங்க வண்டியை விட்டு அசையக் கூடாது. ஆட்டம் ஆரம்பிச்சு முடியுற வரைக்கும் சீட்லயே இருக்கணும்.”

“சரிங்க.”

இருபத்தோரு வருஷத்துக்கு அந்த ‘சரிங்க’ செல்லுபடியானது. சொந்த ஊரில் ஆட்டம் நடக்கும் நாளிலும் நடுவர்களை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்து, முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்று ஒருநாள் போனார். வாசல் காவலாளி அவருடைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ‘வாகன நிறுத்துமிடம் மட்டும்’ என்று அச்சடித்திருந்தது. காவலாளி தெரிந்தவன்தான், விட்டிருப்பான். ஆனால் அவன் அதை வாய்விட்டுப் படித்த விதத்தில் அவருக்கு என்னவோ போலாகி, “சும்மா தண்ணி குடிக்க வந்தேன்” என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

அதனால் அவருக்குத் தெரிந்த கால்பந்து முழுக்கக் காதால் தெரிந்தது. வெளியூரில் கூட்டம் திடீரென்று அடங்கினால் நம்மவர்கள் கோல் போட்டிருக்கிறார்கள். ஒரே மூச்சாக எழும்பி அப்படியே நின்றால் நாம் வாங்கியிருக்கிறோம். எழும்பி, சட்டென்று ‘ச்சே’ என்று உடைந்தால் பந்து கம்பத்தில் பட்டிருக்கிறது. பஸ்ஸில் ரேடியோ உண்டு. ஒரே ஒருமுறை போட்டார், பத்து நிமிஷத்தில் இரண்டு கோல் வாங்கினார்கள். அதோடு அதைத் தொடுவதில்லை.

ஆட்டம் எப்படி நடந்தது என்பதை வீட்டில் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொள்வார். அவள் அடுக்களையில் ரேடியோவை வைத்துக்கொண்டு முழு வர்ணனையும் கேட்பாள். மறுநாள் அவர் குளித்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போது ஆரம்பிப்பாள்.

“அந்த நெட்டையன் இருக்கானே, கோல் வாசல்ல ஆளே இல்லைங்க. காலால தள்ளிவிட்டிருந்தா போதும். வானத்துக்கு அடிச்சான்.”

“நீ பாத்த மாதிரி சொல்றியே.”

“நீங்க மட்டும் பாத்தீங்களாக்கும்?”

மைதானத்துக்கு நூறடி தள்ளி நின்றவர் அவர், முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தவள் அவள். ஆனாலும் அவர்தான் கேட்டுக்கொள்வார். தட்டில் சோறு ஆறிப்போகும். மூன்றாம் பிரிவில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த அணி இரண்டாம் பிரிவுக்கு ஏறியதையும், அங்கே மூன்று வருஷம் மல்லுக்கட்டி முதல் பிரிவுக்குப் போனதையும், முதல் பிரிவில் இரண்டு முறை ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தைக் கோட்டைவிட்டதையும் அவர் அந்தச் சாப்பாட்டு மேஜையில்தான் அனுபவித்தார். இரண்டாவது முறை கோட்டைவிட்டபோது அவள் அழுதுகொண்டே சொன்னாள். “கொஞ்சம் நிதானமாத்தான் சொல்லேன், யாரு கால்ல பட்டுச்சு?” என்று இவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஐம்பத்தாறு வயதில் அவள் போய்விட்டாள். வயிற்றில் வலி என்றாள், ஆறு வாரம்தான். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகன் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் வெளியூர் ஆட்டம், அவர்தான் ஓட்டிக்கொண்டு போனார். மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள் என்பது ஆட்டக்காரர்கள் ஏறியபோதே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, குளித்து, தட்டைப் போட்டு உட்கார்ந்தார். மூன்று கோலையும் யார் போட்டது, எப்படிப் போட்டது, ஒன்றும் தெரியவில்லை. பேப்பரில் இருந்தது. படித்தார். பேப்பரில் நெட்டையனை யாரும் திட்டவில்லை.

ரேடியோவை அடுத்த தடவை பஸ்ஸிலேயே போட்டுப் பார்த்தார். வர்ணனையாளர் காதுக்குள் வந்து கத்தினார். அணைத்துவிட்டார்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் அணி நாட்டின் கோப்பைப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போனது. ரயில் பெட்டிக்குப் பெயின்ட் அடித்த கூட்டம் தலைநகரத்துப் பெரிய கிளப்பை எதிர்த்து, அதன் சொந்த மைதானத்திலேயே ஆடப்போகிறது. ஊரே ரெண்டுபட்டது. ரயிலிலும் லாரியிலும் ஜனங்கள் கிளம்பினார்கள்.

அந்தப் பெரிய மைதானத்தில் பஸ்களைத் தரைக்குக் கீழே, சிமென்ட் தளத்தில் நிறுத்த வேண்டும். அங்கே ஒரு சத்தமும் வந்து சேரவில்லை. மேலே ஐம்பதாயிரம் பேர். கீழே மின்விசிறிகளின் உறுமல் மட்டும். சீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காது கேட்காதவரைப் போல ஆகிவிட்டது அவருக்கு. ஆட்ட நேரம் முடிந்து வெகுநேரமாகியும் யாரும் வரவில்லை. கடைசியில் ஒரு காவலாளி கண்ணாடியைத் தட்டினான்.

“பழுப்புச் சட்டை உங்க ஆளுங்கதானே? ஜெயிச்சுட்டாங்க. ரெண்டுக்கு ஒண்ணு.”

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான். அவர் சட்டென்று இடது பக்கம் திரும்பினார், யாரிடமாவது சொல்ல. காலி சீட். கண்ணாடியைத் துடைக்கும் துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியை முழுக்க ஒருமுறை துடைத்தார்.

கொஞ்ச நேரத்தில் அணி ஆரவாரமாக வந்து ஏறியது. கோப்பையைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் வைத்தார்கள். ஹோட்டல் வரை அது அங்கேயே இருந்தது. வளைவில் சாயப் பார்த்தபோது இடது கையால் ஒருமுறை பிடித்துக்கொண்டார். சில்லென்று இருந்தது.

மறுநாள் காலை அணியை ரயிலில் அனுப்ப ஏற்பாடு. ஊர் ஸ்டேஷனிலிருந்து மேல்தளம் திறந்த வண்டியில் ஊர்வலமாம். அந்த வண்டிக்கு நகராட்சியே டிரைவரும் கொடுக்கிறதாம்.

“அழுக்குச் சட்டை, பூட்ஸ் எல்லாம் நம்ம பஸ்ல போட்டாச்சு. நீங்க மெதுவா வந்து சேருங்க, அவசரமில்லை” என்றார் செயலாளர்.

“நான் எப்பங்க அவசரமா வந்திருக்கேன்?” என்றார் இவர். செயலாளர் சிரித்துவிட்டுப் போனார்.

வண்டியைக் கிளப்பும்போது ஒருவன் ஓடிவந்து ஏறினான். அணியில் ‘இடக்காலன்’ என்று கூப்பிடுவார்கள், இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். அந்தக் கோப்பைப் போட்டியின் அத்தனை சுற்றிலும் ஆடியவன். இறுதி ஆட்டத்துக்குக் காலையில் கோச் வாசித்த பட்டியலில் மட்டும் அவன் பெயர் இல்லை.

“ரயில்ல போகலையா?”

“இல்லண்ணே.”

கடைசி சீட்டில் போய் ஜன்னலோரமாகச் சுருண்டுகொண்டான். இவர் கதவைச் சாத்தி வண்டியை எடுத்தார். இரண்டு மணி நேரம் வண்டி ஓடியது. பூட்ஸ் மூட்டை மட்டும் பள்ளத்தில் விழுந்து எழும்போது கடகடத்தது.

ரோட்டோரக் கடையில் டீ குடிக்க இறங்கினார்கள். அங்கேதான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“நேத்து ஆட்டம் எப்படிப்பா போச்சு?”

“நீங்க பாக்கலையா?”

“நான் வண்டியோட இருக்கணும்.”

“ரேடியோவாவது கேட்டிருப்பீங்க.”

“இல்ல. வீட்ல சொல்வாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“அவங்க போயி ரெண்டு வருஷமாச்சு.”

இடக்காலன் மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டுத் தம்ளரை வைத்தான். மறுபடி ஏறியபோது பின்னால் போகவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தானாகவே ஆரம்பித்தான். முதலில் ஏனோதானோவென்று சொன்னான். இவர் விடவில்லை. பந்து யாரிடமிருந்து வந்தது, யார் குறுக்கே போனது, கோல்கீப்பர் எந்தப் பக்கம் விழுந்தார் என்று குடைந்தார். அவனுக்கும் சூடு பிடித்துவிட்டது. சீட்டின் விளிம்பில் நகர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் மைதானத்தை வரைந்து காட்டினான்.

“முதல் கோல் அவங்க போட்டது. என் இடத்துல ஆடினவன் பக்கம்தான் வந்தாங்க. அவன் பந்தை விட்டுட்டு ஆளைப் பாத்துட்டு நின்னான். தலையால முட்டி உள்ள போட்டுட்டாங்க.”

வண்டி ஒரு பாலத்தைக் கடந்தது.

“எனக்கு சந்தோஷமா இருந்துச்சுண்ணே. நம்ம அணி கோல் வாங்குது, நான் பெஞ்ச்ல உக்காந்து சந்தோஷப்படறேன். அப்புறம் இவங்க எல்லாரும் கோப்பையத் தூக்கிட்டு ஓடறப்ப நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஓடுவேன்?”

இதற்கெல்லாம் பதில் சொல்லத் தெரிந்தவள் வீட்டில் இல்லை. கியரை மாற்றினார்.

“சரி, நம்ம ஜெயிச்ச கோலைச் சொல்லு. நெட்டையனா போட்டான்?”

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். பிறகு சிரித்தே விட்டான். “நெட்டையன்தான். கூடுதல் நேரத்துல. அடிச்சதெல்லாம் வானத்துக்குப் போச்சு. கடைசியில கீழ விழுந்து கெடந்தவன் முதுகுல பட்டு உள்ள போச்சுண்ணே!”

“முதுகுலயா?”

“முதுகுலதான். எந்திரிச்சுப் பாத்து, யார் போட்டான்னு நடுவரையே கேட்டான்.”

இவர் சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங் ஆடியது. வண்டியை ஓரங்கட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதையே இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அன்றைக்கு முள் நாற்பதைத் தாண்டவே இல்லை. ஏழு மணி நேரப் பாதைக்குப் பத்து மணி நேரம் ஆனது.

ஊருக்குள் நுழையும்போது ஊர்வலம் நடந்துகொண்டிருந்தது. கடைவீதி முனையில் பழுப்பு பஸ்ஸைப் பார்த்ததும் ஒரு கூட்டம் ஓடிவந்து சூழ்ந்துகொண்டது. பக்கவாட்டுத் தகடுகளில் படபடவென்று தட்டினார்கள். கையில் கொடி வைத்திருந்த ஒருவர் படியில் ஏறிக் கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டினார். இடக்காலன் சீட்டிலிருந்து வழுக்கி, மூட்டைகளுக்கு நடுவே தரையில் குந்திக்கொண்டான்.

“உள்ள யாருங்க இருக்கா?”

“யாருமில்லீங்க. அழுக்குத் துணிதான்.”

“அட, வெறும் வண்டியா!” என்று கொடிக்காரர் இறங்கிவிட்டார். கூட்டமும் சிரித்துக்கொண்டே ஊர்வலத்தின் பக்கம் ஓடியது. ஷெட்டில் வண்டியை நிறுத்தியபோது இடக்காலன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “வரேண்ணே” என்றான். பின்வாசல் வழியாகத் தனியாக நடந்து போனான். அவர் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சலவை அறையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். தெருவில் யாருமில்லை. எல்லாரும் கோப்பையைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

அடுத்த மாதமே இடக்காலனை வேறு கிளப்புக்கு விற்றுவிட்டார்கள். மறு வருஷம் ஓர் ஊரில் அவனுடைய புது அணியோடு ஆட்டம். அந்த பஸ் எதிர் வரிசையில் வந்து நின்றது. இறங்கும்போது அவன் இவரைப் பார்த்துக் கையை உயர்த்தினான். இவரும் உயர்த்தினார். கிட்டே வருவான் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார். அவனை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் அந்த பஸ்தான் முதலில் கிளம்பியது.

கோப்பைக்குப் பிறகு அணிக்கு இறங்குமுகம். முதலாளிகளுக்குள் மனஸ்தாபம், நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள், முதல் பிரிவிலிருந்து கீழே தள்ளப்பட்டார்கள். அதே வருஷம் அவருக்கும் ஓய்வு வயது வந்தது. ‘அறுபதுக்கு அறுபது ஆயிடுச்சு’ என்று வேடிக்கை பேசி, மாலை போட்டு, ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். அந்தப் பேர் எப்படி வந்தது என்று புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குச் செயலாளர் விளக்கவேண்டியிருந்தது.

மகன் தன்னோடு வந்து இருக்கச் சொன்னான். போனார். மகனும் மருமகளும் குறை வைக்கவில்லை. ஆனால் காலையில் இருவரும் வேலைக்குப் போனபின் ஆறாவது மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே பஸ்கள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. பதினோராம் நாள் மகனிடம் சொன்னார்.

“வீட்டைப் பூட்டியே போட்டா நல்லாயிருக்காதுப்பா.”

“உங்க இஷ்டம்ப்பா” என்றான் அவன். மருமகள் வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது கிளப்பிலிருந்து ஓர் உறை வந்து கிடந்தது. உள்ளே பருவம் முழுவதும் ஆட்டம் பார்க்க அனுமதிச் சீட்டு, இருக்கை எண் போட்டு. அடுத்த சனிக்கிழமை நல்ல சட்டை ஒன்றைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். இருக்கையைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆயிற்று. புல் இவ்வளவு பச்சையாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. பக்கத்தில் இருந்தவர், இவர் எல்லாவற்றையும் வெறித்து வெறித்துப் பார்ப்பதைக் கவனித்துவிட்டுக் கேட்டார்.

“ஆட்டத்துக்குப் புதுசாங்க?”

“ஆமாங்க. இப்பத்தான் பாக்க ஆரம்பிச்சிருக்கேன்.”

அவர் ரொம்பப் பொறுமையாக விதிகளை விளக்கினார். இவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எண்பதாவது நிமிஷம் கால் தானாக எழுந்துகொள்ளப் பார்த்தது, இன்ஜினைச் சூடாக்க வேண்டிய நேரம். அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பட்டறை அணி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றது, அதுவும் ஓர் அசட்டுக் கோலில். பக்கத்திலிருந்தவர் கையை உதறிவிட்டுக் கிளம்பினார். வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து போனார்கள். இவருக்காக எந்த பஸ்ஸிலும் யாரும் ஏறி உட்கார்ந்து காத்திருக்கவில்லை. பெருக்குகிறவர்கள் வந்து, “எந்திரிங்க பெரியவரே, சீட்டை மடக்கணும்” என்று சொல்லும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.